சுவரில் நிற்கும் போர்: திப்பு சுல்தானின் வாழ்வும் ஒரு சிறு நகலோவியமும்

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் செல்லும் கடலோரச் சாலையில் உள்ளது கிளேபாங். அங்கே ஒரு தாமான் வீட்டின் முன்கூடத்தில், முருகன் படத்துக்கும் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கும் நடுவே, இரண்டு சாண் அகலமுள்ள வண்ண ஓவியம் ஒன்று தொங்குகிறது. அவ்வீட்டுப் பெரியவர் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் தாத்தாவின் நண்பர். அதனால் எனக்கும் அவர் தாத்தாதான். 1980களில் இந்தியாவுக்குச் சுற்றுலா சென்றபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் ஓவியரிடம் வாங்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்த படம் அது.

அது ஒரு போர்க்களக் காட்சி. நடுவில் சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். இரு பக்கமும் குதிரைப்படை பாய்ந்து வருகிறது. ஓரிடத்தில் வண்டியொன்று தீப்பிழம்பாக வெடிக்கிறது. சதுரத்துக்குள்ளே பல்லக்கில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். சிறு வயதில் அவரைத்தான் அரசர் என்று நான் எண்ணியிருந்தேன். எல்லாரும் சூழ்ந்து நிற்க நடுவில் பல்லக்கில் இருப்பவர் அரசராகத்தானே இருக்க வேண்டும்? அவர் அரசர் அல்லர், தோற்றுப்போன தளபதி என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. வென்றவர் படத்தின் ஓரத்தில், கையில் பூ ஒன்றை வைத்து முகர்ந்தபடி, தோட்டம் பார்க்க வந்தவரைப் போல அமைதியாக இருக்கிறார். அவர்தாம் திப்பு சுல்தான்.

ஈர உப்புக் காற்றில் படத்தின் கீழ்ப்பகுதி வெளுத்துவிட்டது. எனக்கு ஓரளவு வரையத் தெரியும் என்பதால், அழிந்த இடத்தை மறுபடி தீட்டித் தரும்படி தாத்தா கேட்டார். தூரிகையை எடுக்குமுன் என்ன தீட்டப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அந்தத் தேடலில் நான் அறிந்துகொண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் திப்பு பிறந்தார். 1750ஆம் ஆண்டு நவம்பர் 20 என்பது பரவலாக வழங்கிவரும் பிறந்தநாள். தந்தை ஐதர் அலி. தாய் பாத்திமா பக்ருன்னிசா. குழந்தைக்கு இட்ட பெயரிலேயே தமிழ்நாட்டின் தொடர்பு இருக்கிறது. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறைநேசரின் நினைவாகவே அப்பெயர் சூட்டப்பட்டது.

ஐதர் அலி அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். மைசூர் உடையார்களின் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து, தம் திறமையால் படிப்படியாக உயர்ந்தவர். 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படைப்பொறுப்பு அதிகாரியாக, அனுப்பப்பட்டார். 1761ஆம் ஆண்டளவில் மைசூர் ஆட்சி முழுவதும் அவர் கைக்கு வந்தது. சிவகங்கை அரசி வேலு நாச்சியார் நாட்டை இழந்து நின்றபோது அடைக்கலமும் படையுதவியும் அளித்தவரும் இதே ஐதர் அலிதான் என்பது நம்மில் பலர் அறிந்த செய்தி.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமக்குக் கிட்டாத கல்வி மகனுக்குக் கிட்ட வேண்டும் என்று எண்ணினார் போலும். திப்புவுக்குப் பாரசீகம், அரபு, உருது, கன்னடம் ஆகிய மொழிகளைக் கற்பிக்க ஆசிரியர்களை அமர்த்தினார். குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் துப்பாக்கிப் பயிற்சியும் உடன் நடந்தன. வாசிப்புப் பழக்கம் திப்புவைக் கடைசிவரை விடவில்லை. அவர் இறந்தபோது அரண்மனை நூலகத்தில் சுமார் 2,000 கையெழுத்து நூல்கள் இருந்தன.

முதலாம் மைசூர்ப் போர் 1767இல் தொடங்கியது. பதினேழு வயதுகூட நிரம்பாத திப்பு, குதிரைப்படை ஒன்றுடன் சென்னையின் புறநகர்வரை வந்துவிட்டார். கோட்டைக்கு வெளியே தோட்ட மாளிகைகளில் தங்கியிருந்த கும்பினி அதிகாரிகள் உயிர் தப்பியதே பெரிது. 1769இல் சென்னையில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஆனால் அடுத்த ஆண்டுகளில் மராட்டியர் மைசூர்மீது படையெடுத்தபோது கும்பினியார் உதவிக்கு வரவில்லை. ஐதர் இதை மறக்கவில்லை. 1779இல் பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தைக் கும்பினியார் கைப்பற்றியதும் அவருடைய பொறுமை எல்லை கடந்தது. மைசூருக்கு வேண்டிய போர்ப்பொருள்கள் வந்து இறங்கிய துறைமுகம் அதுவே.

புள்ளலூர்

1780ஆம் ஆண்டு ஜூலையில் ஐதர் அலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து தமிழ்நாட்டுச் சமவெளிக்குள் இறங்கினார். அப்படையில் 80,000 பேருக்கு மேல் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். ஆற்காடு முற்றுகையிடப்பட்டது. அதைக் காக்கச் சென்னையிலிருந்து ஹெக்டர் மன்றோ சுமார் 5,000 பேருடன் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். பக்சார் போரில் வெற்றி பெற்றுப் பெயரெடுத்த தளபதி அவர். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லியின் படை அவருடன் வந்து சேர வேண்டும். வழியில் கொற்றலையாற்றில் வெள்ளம் பெருகியதால் பெய்லி பல நாள்கள் கரையிலேயே காத்துக் கிடந்தார்.

இவ்விரு படைகளும் ஒன்று சேராமல் தடுக்கும் பொறுப்பை ஐதர் தம் மகனிடம் ஒப்படைத்தார். அப்போது திப்புவுக்கு வயது 29. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் அவர் பெய்லியைத் தாக்கி நிறுத்தினார். மன்றோ தாம் நகராமல், சுமார் ஆயிரம் பேரை மட்டும் பெய்லிக்குத் துணையாக அனுப்பினார். அதனால் பெய்லியின் படை சுமார் 3,800 ஆக உயர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

செப்டம்பர் 10ஆம் நாள் காலை, காஞ்சிபுரத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புள்ளலூரில் போர் மூண்டது. ஆங்கில நூல்கள் இவ்வூரைப் பொள்ளிலூர் என்று குறிப்பிடும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் பகைவரை வென்ற களமும் இதே புள்ளலூர்தான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மண் மீண்டும் போர்க்களமாயிற்று.

திப்புவின் படையிடம் பகைவர் பெரிதும் அஞ்சிய படைக்கலம் ஒன்று இருந்தது. அதுவே ஏவுகணை. மைசூர் ஏவுகணையின் சிறப்பு அதன் இரும்புக் குழாயில் இருந்தது. மற்ற நாடுகளில் அட்டைக் குழாயிலோ மூங்கிலிலோ மருந்தை அடைத்தார்கள். இரும்புக்குள் அடைத்த மருந்து கூடுதல் அழுத்தத்தோடு எரியும். ஆதலால் ஏவுகணை ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழும். நீண்ட மூங்கில் கழியைக் குழாயோடு கட்டியிருப்பார்கள். பறக்கும்போது திசை மாறாமல் காப்பது அக்கழியே. பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் உருவாக்கிய ஏவுகணைகளுக்கு மைசூர் ஏவுகணைகளே முன்மாதிரி.

நாற்புறமும் சூழப்பட்ட பெய்லி, படையைச் சதுரமாக நிறுத்திப் போராடினார். அந்நேரத்தில் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சதுரம் உடைந்தது, குதிரைப்படை உள்ளே புகுந்தது. பெய்லி காயமுற்றுச் சரணடைந்தார். சுமார் 200 ஐரோப்பியர் சிறைப்பட்டனர். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் மாண்டனர். அருகிலேயே இருந்த மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. செய்தி கேட்டதும் தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். இந்திய மண்ணில் ஆங்கிலேயக் கும்பினி அதுவரை கண்டிராத தோல்வி அது.

பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். அவரோடு சிறைப்பட்டவர்களுள் டேவிட் பெயர்ட் என்னும் இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சங்கிலியில் கிடந்து விடுதலை பெற்ற அவரை நாம் மீண்டும் சந்திப்போம்.

வெற்றியின் மறுபக்கம்

படத்தில் போர்வீரர்கள் மட்டுமே இருக்கிறார்கள், உழவர்கள் இல்லை. ஆனால் அப்போரில் அதிகம் இழந்தவர்கள் தமிழ்நாட்டு உழவர்களே. பகைவருக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காகப் பயிர்கள் எரிக்கப்பட்டன, ஏரிகள் உடைக்கப்பட்டன, ஊர்கள் வெறிச்சோடின. தஞ்சைச் சீமையில் அவ்வழிவை ஐதர் கலாபம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். புள்ளலூர் வெற்றியைப் பாராட்டும் நாம் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் அயர் கூட் ஐதரைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் புள்ளலூரிலேயே மறுபடியும் ஒரு போர் நடந்தது. அதில் இரு தரப்புக்கும் தெளிவான வெற்றி கிட்டவில்லை. 1782 பிப்ரவரியில் தஞ்சைப் பகுதியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைத் திப்பு முறியடித்தார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூர் அருகே பாசறையில் ஐதர் காலமானார். திப்பு மைசூரின் அரசரானார். 1784 மார்ச்சில் ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. வென்ற பகுதிகளை இரு தரப்பாரும் திருப்பிக் கொடுத்தனர்.

சுவரில் எழுந்த போர்

அதே 1784ஆம் ஆண்டில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையோரம் திப்பு ஒரு கோடை மாளிகை கட்டினார். பெரும்பகுதி தேக்கு மரத்தால் ஆன அம்மாளிகைக்கு தரியா தௌலத் பாக் என்று பெயர். கடலின் செல்வத் தோட்டம் என்பது அதன் பொருள். அரசரை வாழ்த்தும்போது நம் நாட்டில் முழங்கும் டௌலாட் என்ற மலாய்ச் சொல்லும் இந்தத் தௌலத்தும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவையே.

அம்மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போரைத் திப்பு ஓவியமாகத் தீட்டச் செய்தார். ஒரு பக்கத்தில் தந்தையும் மகனும் படையோடு ஊர்வலம் வருகிறார்கள்; மறுபக்கத்தில் போர். கிழக்குச் சுவரில் அக்கால அரசர்கள் பலருடைய தர்பார்க் காட்சிகள். மாளிகைக்கு வரும் தூதுவர் எவராயினும் அந்தப் போர்க்காட்சியைக் காணாமல் போக முடியாது. கும்பினியையும் வெல்ல முடியும் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் அந்தச் சுவர் அறிவித்துக்கொண்டிருந்தது.

தந்தை தலைமை தாங்கிய போரில் மகனுக்குக் கிடைத்த புகழ் அது. திப்புவின் வாழ்வில் அதைவிடப் பெரிய வெற்றி பிறகு வரவில்லை என்பதை எண்ணிப் பார்க்கையில், அந்தச் சுவரை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது.

அரசர் திப்பு

பதினாறரை ஆண்டுகள் திப்பு ஆண்டார். மைசூரில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தவர் அவர். இன்றைய மைசூர்ப் பட்டின் புகழுக்கு வித்திட்டவருள் அவரும் ஒருவர். புதிய நாணயங்களையும் புதிய நாட்காட்டியையும் கொண்டுவந்தார். கப்பல் கட்டவும் வெளிநாட்டு வாணிகத்தை வளர்க்கவும் முயன்றார். அவருடைய தூதுவர்கள் 1788இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியின் அவைவரை சென்றனர். ஆனால் பேரளவு உதவி எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்நாட்டில் புரட்சி வெடித்தது.

புலியைத் தம் சின்னமாகக் கொண்டார். வாளிலும் சிம்மாசனத்திலும் படைவீரரின் உடையிலும் புலி வரிகள் இருந்தன. ஐரோப்பியன் ஒருவனைப் புலி வீழ்த்துவதுபோல் செய்த மரப்பொறி ஒன்றும் அவரிடம் இருந்தது. அது இன்று இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

திப்புவைப் பற்றிய தீர்ப்பில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1791இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்தைச் சீர்செய்யப் பொருளுதவி செய்து மடாதிபதிக்குப் பணிவோடு கடிதங்கள் எழுதியவர் அவர். அதே சமயம் குடகிலும் மலபாரிலும் கிளர்ச்சிகளைக் கொடுமையாக அடக்கியவரும், மக்களை மதம் மாறக் கட்டாயப்படுத்தியவரும், மங்களூர்க் கிறித்தவர்களைக் கூட்டமாகச் சிறைபிடித்துக் கொண்டுசென்றவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. அழிந்த ஓவியத்தை நமக்குப் பிடித்த நிறத்தால் நிரப்புவதைப் போன்றது அது.

வெள்ளை பூசிய சுவர்

1789 இறுதியில் திப்பு திருவிதாங்கூரின் அரண்வரிசையைத் தாக்கினார். கும்பினி, ஐதராபாத் நிசாம், மராட்டியர் ஆகிய மூவரும் ஒன்றுசேர்ந்தனர். 1791 மார்ச்சில் பெங்களூர் வீழ்ந்தது. 1792 பிப்ரவரியில் காரன்வாலிசின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது.

அம்முற்றுகைக்கு முன்பாகத் தரியா தௌலத்தின் சுவரோவியங்கள் மறைக்கப்பட்டன. திப்புவே அவ்வாறு செய்யச் சொன்னதாகக் கூறப்படுகிறது. எட்டு ஆண்டுகள் பெருமையோடு காட்டிய வெற்றியை அவரே மூட நேர்ந்தது. பகைவர் கையில் மாளிகை சிக்கினால் அந்தப் படத்துக்கும் தமக்கும் என்ன நேரும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். வாழ்க்கையில் ஒருவர் தம் மிகப் பெரிய நாளைத் தம் கையாலேயே மறைப்பதைவிடத் துயரம் வேறு என்ன இருக்கிறது?

போரின் முடிவில் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் திப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. திண்டுக்கல்லும் சேலத்தை உள்ளடக்கிய பாராமகாலும் அப்போதுதான் கும்பினியின் கைக்குப் போயின. பணம் கட்டி முடிக்கும்வரை, பத்து வயதும் எட்டு வயதும் ஆன இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. காரன்வாலிசு அச்சிறுவர்களைக் கைபிடித்து வரவேற்கும் காட்சியை ஆங்கில ஓவியர்கள் மாறி மாறி வரைந்தார்கள். அவற்றின் அச்சுப் படங்கள் இங்கிலாந்தின் வீடுகளில் தொங்கின. ஒருவரின் வெற்றிச் சுவர் வெள்ளைக்குள் மறைந்திருக்க, மற்றவரின் வெற்றிப் படம் ஆயிரக்கணக்கில் பெருகியது. பிள்ளைகள் 1794இல் திரும்பி வந்தனர்.

1799 மே 4

இழந்ததை மீட்கத் திப்பு மீண்டும் பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடினார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அதுவே போதுமான காரணமாயிற்று. 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணம் மறுபடியும் முற்றுகையிடப்பட்டது. மே 4ஆம் நாள் நண்பகலுக்குப் பின், கோட்டை மதிலின் உடைப்பு வழியாகப் படைகள் பாய்ந்தன. அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பெயர்ட். புள்ளலூரில் பிடிபட்டு அதே ஊரில் சங்கிலியில் கிடந்தவர் அவர்.

திப்பு தப்பியோடவில்லை. மதில்மீதும் பிறகு வாயிலிலும் நின்று போரிட்டு, பல காயங்கள் பட்டு வீழ்ந்தார். மாலை இருட்டில் தீப்பந்த வெளிச்சத்தில், பிணக்குவியலுக்கு நடுவே அவருடைய உடலைக் கண்டெடுத்தனர். அப்போது அவருக்கு வயது 48. மறுநாள் தாய்தந்தையரின் அருகில் கும்பஸ் என்னும் கல்லறை மாடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டே இலண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த காட்சியை நூறு அடிக்கும் மேல் நீளமான ஓவியமாக வரைந்து காட்சிக்கு வைத்தார். மக்கள் கட்டணம் செலுத்திச் சென்று பார்த்தனர். சிங்காசனம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. நூல்கள் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் சென்றன.

வேலூரிலிருந்து மலாக்காவுக்கு

திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன், அக்கோட்டையில் இருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளை நீக்கச் சொன்ன ஆணையும் அவர்களைக் கொதிப்படையச் செய்திருந்தன. கோட்டையின்மேல் மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்து அக்கிளர்ச்சியை இரத்த வெள்ளத்தில் அடக்கியவர் ரோலோ கில்லெஸ்பி. அதன் பிறகு திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அதே கில்லெஸ்பி 1811இல் நம் மலாக்காவுக்கு வந்தார். கவர்னர் ஜெனரல் மிண்டோ, ஜாவாவை டச்சு, பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து கைப்பற்றத் திரட்டிய கப்பற்படை மலாக்காவில்தான் ஒன்றுகூடியது. வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த படையினர் சுமார் 12,000 பேர். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பணியாற்றியவரும் பின்னர் தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிப் புகழ் பெற்றவருமான காலின் மெக்கன்சியும் அவர்களுள் இருந்தார். தமிழ் வழித்தோன்றலான முன்ஷி அப்துல்லா அப்போது பதினைந்து வயதுச் சிறுவர். மலாக்காக் கோட்டைச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால்தான் அவருக்கு முன்ஷி என்ற பெயரே வந்தது. மிண்டோவின் வருகையை அவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதி வைத்துள்ளார்.

ஆக, தாத்தா வீட்டுப் படத்திலுள்ள சிவப்புச் சட்டைகள் எங்கோ தொலைவில் உள்ளவை அல்ல. கிளேபாங் கடற்கரையில் நின்றால் தெரியும் இதே நீரிணையில் அவை கப்பலேறிச் சென்றிருக்கின்றன. தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட நம் முன்னோர் வருமுன்பே, துப்பாக்கி தூக்கிக்கொண்டு நம்மவர் சிலர் இங்கு வந்துவிட்டனர்.

நகலின் நகல்

இனி அந்தச் சுவருக்கு வருவோம். 1799க்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பொறுப்பை ஏற்ற கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி தரியா தௌலத்தில் தங்கினார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவரே. மறைந்துகிடந்த ஓவியங்களை அவர் சீர்செய்ய வைத்தார். தம் நாட்டார் அடைந்த படுதோல்வியின் படத்தை அவரே உயிர்ப்பித்தார் என்பது வியப்புக்குரியது. அதன் பிறகு ஓவியங்கள் மறுபடியும் வெள்ளை பூசி மறைக்கப்பட்டன. 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி அங்கு வந்தபோது, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு மீண்டும் தீட்டுமாறு ஆணையிட்டார்.

எனவே இன்று பயணிகள் காணும் சுவரோவியம் திப்பு கண்ட அதே வண்ணப்பூச்சு அன்று. அது நினைவிலிருந்து எடுத்த நகல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாள்மீது எழுதிய நகல்களும் சில உள்ளன. அவற்றுள் ஒன்று பத்துத் தாள்களில் சுமார் 32 அடி நீளமுள்ளது. 2022 மார்ச் 30ஆம் நாள் இலண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போனது. பெரிய சுவர் மறைந்தும் மாறியும் போனபோது, கதையைக் கைமாற்றிக் காத்தவை இத்தகைய நகல்களும் அடையாளம் தெரியாத ஓவியர்களின் நினைவுமே.

நிறைவாக

இதையெல்லாம் படித்துவிட்டுத் தாத்தாவின் படத்தை மறுபடி பார்த்தேன். வெளுத்துப்போன கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் சிப்பாய்கள். திப்புவுக்கும் பெய்லிக்கும் தனித்தனி முகங்கள் உண்டு. சிப்பாய்களுக்கோ எல்லாருக்கும் ஒரே முகம். இரு தரப்பிலும் தென்னாட்டார் இருந்தார்கள். நம் மொழி பேசியவர்களும் இருந்தார்கள். புள்ளலூரில் இரு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவை 1781ஆம் ஆண்டுப் போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு உரியவை. சிப்பாய்களுக்குத் தூண் இல்லை.

அழிந்த முகங்களை என் கற்பனையால் தீட்ட எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவிடம் அதைச் சொன்னபோது முதலில் அவருக்கு வருத்தம்தான். பிறகு, படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, பின்பக்கத்து அட்டையை மாற்றி, ஈரம் ஏறாதபடி செய்து கொடுத்தேன். புதிய அட்டையின் பின்புறம் இவற்றை எழுதினேன்: போரின் பெயர், இடம், நாள், வென்றவர், தோற்றவர், அந்தச் சுவர் மறைக்கப்பட்டதும் மீண்டும் தீட்டப்பட்டதும், தாத்தா இதை எந்த ஊரில் வாங்கினார் என்பது, கீழே வெளுத்துப்போனவர்கள் சிப்பாய்கள் என்பது. தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தம் தோட்டத்தின் பெயரையும் அதன்கீழ் எழுதச் சொன்னார். எழுதினேன்.

திப்புவின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடங்கள் பல. துணிவு, கல்வி, புதுமை நாட்டம் ஆகியவற்றை நாம் அவரிடமிருந்து கற்கலாம். வெற்றியின் செருக்கு எவ்வளவு கொடுமை செய்யும் என்பதையும் கற்கலாம். அவருடைய படத்தின் வாழ்வு சொல்லும் பாடமோ ஒன்றே ஒன்று. ஒரு காட்சி நிலைத்து நிற்பது அதைச் சுவரில் எழுதச் செய்த அரசரால் மட்டும் அன்று. அதை நினைவில் வைத்திருந்தவர்களால்தான்.

மாணவ நண்பர்களே, நம் தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் எத்தனையோ பழைய படங்கள் தொங்குகின்றன. அவற்றில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு பேனாவை எடுத்துச் செல்லுங்கள். படத்தைத் திருப்பி, அவர்கள் சொல்வதைப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.